தி. நகருக்கு எத்தனை மாடி?

மேற்குக் காற்று வீசும் நாள்களில் சென்னைக்கு வரும் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து 25ஆம் ஓடுபாதையில் இறங்கும். சாந்தோம், மந்தைவெளிப் பக்கம் கரையேறி, கோட்டூர்புரம், கிண்டி என்று நகரத்தின் தலைக்கு மேலேயே போய், பரங்கிமலையை ஒட்டி மீனம்பாக்கத்தில் முடிகிற பாதை அது. எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் போன்ற விமான சிமுலேட்டர் ஒன்றில், சீனரி எனப்படும் நிலக்காட்சித் தொகுப்பு எதையும் தனியாக வாங்கிப் போடாமல், இதே பாதையில் இறங்கிப் பாருங்கள். தெருக்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகள் இருக்கும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் பறக்கும் ரயிலின் தடம் போகும். அடையாறு வளைய வேண்டிய இடத்தில் வளையும். ஆனால் அந்தத் தெருக்களின் இருபுறமும் நிற்கிற வீடுகள் நம் ஊர் வீடுகள் அல்ல. சரிந்த கூரைகளும், ஒரே உயரத்தில் வரிசை பிடித்த வீடுகளும், நடுநடுவே ஏதோ ஒரு அமெரிக்கப் புறநகரின் கிடங்கும்தான் கண்ணில் படும். பாண்டி பஜாருக்கு மேலே பறக்கிறோம் என்பதைத் திசைகாட்டும் கருவிதான் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே தெரிகிற ஊர் சொல்லாது.

இதற்கு சிமுலேட்டர் நிறுவனங்களின் அலட்சியம்தான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நல்ல செயற்கைக்கோள் படம் போட்டால் சரியாகிவிடும் என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பொதுமக்கள் சேர்ந்து வரைகிற வரைபடத்தில், சென்னையின் கட்டடங்களைப் பற்றி ‘இங்கே ஒரு கட்டடம் இருக்கிறது’ என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் எழுதப்படவில்லை. எத்தனை மாடி, கூரை தட்டையா சரிவா, ஓடா காங்கிரீட்டா என்ற விவரங்கள் விடுபட்டிருக்கின்றன. விட்டுப்போன அந்த இரண்டு மூன்று விவரங்களைத்தான் சிமுலேட்டர் தன் போக்கில் ஊகித்து நிரப்புகிறது. அவற்றைத் தரக்கூடியவர்கள் அந்தத் தெருவில் நடக்கிறவர்கள் மட்டுமே. அவர்கள் அதைத் தனியார் சீனரித் தொகுப்புக்குக் கொடுக்காமல் பொது வரைபடத்துக்கே கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் இந்தக் கூட்டு வரைபடம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, ஒரு சாலையையோ குளத்தையோ கட்டடத்தையோ வரைந்து, அதற்கு டேக் எனப்படும் குறிப்புகளைச் சேர்க்கலாம். 2011இல் வந்த எக்ஸ்-பிளேன் 10, உலகம் முழுதுக்குமான சாலைகளை இங்கிருந்து எடுத்துக்கொண்டது. அந்த சாலைகளின் ஓரத்தில் ஆட்டோஜென் எனப்படும் தானியங்கி முறையில் கட்டடங்களை நட்டது. அப்படியே இருக்கிற உலகம் எக்ஸ்-பிளேனை உருவாக்கியவர்களின் இலக்கு இல்லை. இருக்கக்கூடும் என்று நம்பவைக்கிற உலகம் போதும். இலவச மென்பொருளான ஃபிளைட்கியரில் ஓஎஸ்எம்-டு-சிட்டி என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போய், வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தின் தரைவடிவத்தையும் எடுத்து மேலே எழுப்புகிறது. மாடி எண்ணிக்கை எழுதியிருந்தால் அதன்படி உயரம் வைக்கும். எழுதியிருக்காவிட்டால், அந்த இடம் நகர மையமா, நெருக்கமான குடியிருப்பா, புறநகரா, கிராமமா என்று வகை பிரித்து, அந்த வகைக்கு வழக்கமான மாடி எண்ணிக்கைகளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். இந்த வழக்கங்களை வகுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், சுவரில் ஒட்டும் படங்களும் அங்கே எடுத்தவைதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது; கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள்.

இந்தக் குறை எல்லா ஊரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்து வந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மலையுள்ள ஊர்களுக்கு அதுவே பாதி சீனரி. திருச்சியில் மலைக்கோட்டைப் பாறை, மதுரையில் யானைமலை, உயரத் தரவிலேயே ஓரளவு எழுந்து நின்றுவிடும். சென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் தட்டை நிலம். பரங்கிமலையையும் பல்லாவரம் குன்றுகளையும் விட்டால் விமானத்திலிருந்து அடையாளம் பிடிக்க நிலத்தில் ஒன்றுமில்லை. சென்னை என்று நாம் அடையாளம் காண்பதெல்லாம் மனிதர்கள் கட்டியவை: மயிலாப்பூர் கோபுரம், சாந்தோம் தேவாலயத்தின் கூர்முனை, மெரினா கலங்கரை விளக்கம், 1959இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடம், அவற்றுக்கு நடுவே முடிவில்லாமல் நீளும் மொட்டை மாடிகள். கட்டடத்தில் பிழை என்றால் ஊரே பிழை.

‘அப்படியானால் கூரையைத் தட்டையாக்கு, சராசரியாக நான்கு மாடி வை, முடிந்தது’ என்று ஒரு வாதம் வரும். பாதி வரை இது நல்ல வாதம். தமிழ்நாட்டின் நகரங்களுக்கு இயல்புக் கூரை தட்டைதான் என்று கருவிகளில் ஒரு வரி மாற்றினாலே பெரிய முன்னேற்றம் தெரியும். அதை யாராவது உடனே செய்ய வேண்டும். ஆனால் மாடிக்குச் சராசரி உதவாது. தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் மனை பிரித்த ஊர் அது. அகலமான மனையில் நடுவே ஒரு பங்களா, சுற்றிலும் மரம் என்றுதான் தொடங்கியது. இன்று அதே தெருவில் ஒரு பழைய ஒற்றை மாடி வீடு, அதன் பக்கத்தில் தரைத்தளத்தைக் கார் நிறுத்த விட்டு மேலே நான்கைந்து தளம் எழுப்பிய அடுக்ககம், அடுத்து இடித்துப் போட்ட வெற்று மனை என்று மாறி மாறி வரும். 2019இல் வந்த தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயரமான கட்டடம் என்ற வகைக்குள் வராத கட்டடங்களுக்கு 18.30 மீட்டர் என்று எல்லை வைத்தன. அதனால் புதிதாக எழுபவை அந்த உயரத்தை நோக்கிப் போகின்றன, பழையவை நான்கு மீட்டரிலேயே நிற்கின்றன. சராசரி எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரம் கிடைக்கும். அந்த உயரத்தில் அந்தத் தெருவில் ஒரு வீடும் இருக்காது. பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளிக்கடைக் கட்டடங்கள் எழுந்து நிற்க, இரண்டு தெரு தள்ளிக் கூரைகள் சட்டென்று தாழ்ந்துவிடும். அந்த மேடு பள்ளம்தான் மேலிருந்து பார்க்கும்போது தி. நகர்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தானாகச் செய்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. 2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் அந்த நம்பிக்கையில்தான் கட்டப்பட்டது. ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க் நிறுவனம் பிங் வரைபடத்தின் மேற்பார்வைப் படங்களைக் கணினிக்குக் கற்பித்து, உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட கட்டடங்களை எழுப்பியது. பிரமிக்க வேண்டிய சாதனை, சந்தேகமில்லை. மைக்ரோசாஃப்டும் கூகுளும் இப்படிக் கணினி கண்டறிந்த கட்டட வடிவங்களைப் பொதுவில் திறந்தும் விட்டிருக்கின்றன. கூட்டு வரைபடத்துக்கும் அது உதவுகிறது. ஆனால் நேர் மேலிருந்து எடுத்த படத்தில் கூரைதான் தெரியும், சுவர் தெரியாது. உயரத்தை நிழலிலிருந்தும் பரப்பளவிலிருந்தும் ஊகிக்க வேண்டும். லண்டனின் பக்கிங்காம் அரண்மனையே முதலில் அலுவலகக் கட்டடம் போலத்தான் வந்தது. 2021 பிப்ரவரியில் பிரிட்டனுக்கென்று தனியாக ஒரு மேம்பாடு வெளியிட்டுத்தான் சரிசெய்தார்கள். மயிலாப்பூரின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முகப்பு குறுகல், உள்ளே நீளம். மேலிருந்து பார்க்கும் கணினி பத்து வீடுகளை ஒரே பெரிய கூரையாக எண்ணிக்கொண்டு ஒரு கிடங்கை எழுப்பிவிடக்கூடும். அடையாறில் வேறு சிக்கல்: காந்தி நகரிலும் சாஸ்திரி நகரிலும் மரங்கள் கூரையின் மேல் கவிந்திருக்கின்றன, பாதி வீடு இலைக்குள் மறைந்துவிடும். தெருவில் நிற்கிற மனிதருக்கு இது இரண்டு நொடி வேலை. அண்ணாந்து பார்த்து எண்ணினால் போதும்.

மனிதர்கள் எண்ணுவதிலும் பிழை வருமே என்றால், வரும். இதில் உலகமே பேசிய உதாரணம் மெல்போர்ன் கோபுரம். அந்நகரின் ஃபாக்னர் பகுதியில் இருந்த ஒரு கட்டடத்துக்கு 2 மாடி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு மாணவர் தவறுதலாக 212 என்று தட்டிவிட்டார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்த அந்த எண் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குள் போய், சாதாரணக் குடியிருப்புகளுக்கு நடுவே வானைத் தொடும் ஒல்லியான கம்பமாக எழுந்தது. கூட்டு வரைபடத்தை நம்பக்கூடாது என்பதற்கு இன்றும் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். நடந்ததைக் கொஞ்சம் கவனித்தால் சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது. சிமுலேட்டர் வெளிவருவதற்கு முன்பே, முன்பின் தெரியாத இன்னொரு பங்களிப்பாளர் வரைபடத்தில் அந்த எண்ணைத் திருத்திவிட்டிருந்தார். திருத்துவதற்கு முன் எடுத்த பழைய நகல்தான் விளையாட்டுக்குள் போயிருந்தது. பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலையைக் கூட்டம் ஒழுங்காகச் செய்தது. வாங்கிய இடத்தில்தான், 212 மாடி சாத்தியமா என்று யாரும் கேட்கவில்லை. உலகிலேயே உயரமான துபாய் புர்ஜ் கலிஃபாவுக்கே அத்தனை தளம் கிடையாது. பக்கத்துக் கட்டடங்களைவிடப் பத்து மடங்கு உயரமாக ஒன்று வந்தால் நிறுத்திப் பார் என்ற ஒரு சோதனை போதும். சென்னை சீனரி செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது தெரியாமல் செய்யும் பிழை அல்ல, தெரிந்தே செய்வது. தன் சிமுலேட்டரில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, இல்லாத ஒன்றை வரைபடத்தில் எழுதுவதைத்தான் சொல்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருப்பவர்கள் இதைக் கடுமையாக எதிர்ப்பார்கள். திரையில் எப்படித் தெரியும் என்பதற்காக வரையாதே, தரையில் என்ன இருக்கிறதோ அதை வரை என்பது அவர்களுடைய அடிப்படை ஒழுக்கம். சிமுலேட்டர் ஆர்வலர்களுக்கு இங்கே ஆசை வருவது இயல்பு. கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் ஏறத்தாழ 120 அடி. கோயில் வளாகம் முழுவதையும் ஒரே கட்டடமாக வரைந்து அதற்கு 37 மீட்டர் உயரம் எழுதிவிட்டால் சிமுலேட்டரில் கண்ணில் படுகிற மாதிரி ஏதோ ஒன்று எழும்பும். ஆனால் அது கோபுரமாக இருக்காது, பெரிய பெட்டியாக இருக்கும். வரைபடத்தில் அது பொய், நாளை வேறு எதற்காவது அந்த எண்ணை எடுப்பவரையும் ஏமாற்றும். நேர்மையான வழி கொஞ்சம் உழைப்பு கேட்கும். கட்டடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் தனி உயரம் தருகிற வசதி வரைபடத்திலேயே இருக்கிறது. கல்லால் ஆன அடித்தளம், அதன்மேல் ஒவ்வொரு நிலையாகக் குறுகிப்போகும் சுதை அடுக்குகள் என்று நிஜமாக இருப்பதை அப்படியே பதியலாம். இதைப் படிக்கத் தெரிந்த கருவிகளில் குறுகி உயரும் கோபுர வடிவம் கிடைத்துவிடும். சிற்பங்களும் வண்ணமும் வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கையால் செய்த மாதிரியை மேலே வைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரி வரைபடத்தின் வேலை இல்லை, கலைஞரின் வேலை. சாந்தோம் தேவாலயத்துக்கும் முக்கோண வடிவக் கலங்கரை விளக்கத்துக்கும் இதே முறை பொருந்தும்.

‘எப்படியும் கையால் செய்யத்தானே போகிறோம், மொத்தத்தையும் ஒரு சீனரித் தொகுப்பாகவே செய்துவிடலாமே, பொது வரைபடம் எதற்கு?’ என்று கேட்கலாம். சென்னைக்கு இதற்குப் பதில் 2015 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் பெய்த மழையும் சேர்ந்து அடையாறு கரை மீறி, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அடையாற்றின் மேல் பாலமாகக் கடக்கும் இரண்டாவது ஓடுபாதையைக் கொண்ட விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது. அந்த நாள்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் இணையத்தில் வந்தது. தங்கள் தெருவைச் சொடுக்கி, இங்கே தண்ணீர் நிற்கிறது என்று மக்களே குறித்தார்கள். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது சில மணி நேரத்தில் சாத்தியமானது. இப்போது மாடி விவரத்தை யோசித்துப் பாருங்கள். வெள்ளத்தில் ஒரு தெரு ஆறடி மூழ்கினால், அங்கே எத்தனை வீடு தரைத்தளத்தோடு முடிகிறது, எத்தனை பேர் மாடிக்கு ஏறித் தப்ப முடியும் என்பதுதான் படகு அனுப்புகிறவர் முதலில் அறிய வேண்டியது. சிமுலேட்டர்காரர் அழகுக்காக எண்ணிச் சேர்த்த அதே எண் இங்கே உயிரோடு தொடர்புடைய எண்ணாகிறது. சீனரித் தொகுப்புக்குள் பூட்டி வைத்த மாடி எண்ணிக்கை யாருக்கும் இப்படிப் பயன்படாது. தொகுப்பைச் செய்தவர் ஆர்வம் இழந்தால், அல்லது சிமுலேட்டரின் அடுத்த பதிப்பு வந்து பழைய கோப்பு வடிவம் செல்லாமல் போனால், உழைப்பு முழுவதும் அதோடு போகும். பொது வரைபடத்தில் இருந்தால் அடுத்த கருவி வந்து எடுத்துக்கொள்ளும்.

இதனால் பெரிய நிறுவனங்கள்தானே லாபம் பார்க்கின்றன, நாம் ஏன் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும் என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. லாபம் பார்க்கத்தான் செய்கின்றன. ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் ஓடவில்லை. 2010 முதல் பிங்கின் வான்படங்களைப் பார்த்து வரைந்துகொள்ள மைக்ரோசாஃப்ட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அனுமதி தந்தது. சென்னையின் கட்டடங்களில் பலவற்றை அந்தப் படங்களின் மேல்தான் ட்ரேஸ் செய்தார்கள். 2012 முதல் நடைமுறையில் உள்ள உரிமம், தரவை எடுப்பவர் பங்களிப்பாளர்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. தரவையே மேம்படுத்தி வெளியிட்டால் அந்த மேம்பாடும் அதே உரிமத்தில் திறந்திருக்க வேண்டும் என்கிறது. காசு கொடுத்து வாங்கும் சிமுலேட்டரும் இலவசமான ஃபிளைட்கியரும் ஒரே கிணற்றிலிருந்து இறைக்கின்றன. காசு செலவழிக்க முடியாத ஒரு மாணவர் பழைய கணினியில் ஃபிளைட்கியரைப் போட்டுத் தன் ஊர் மேலே பறக்க முடிவது இதனால்தான். இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானது.

பாதுகாப்பு பற்றிய அச்சம் இன்னும் ஆழமானது. விமானப் பாதைக்குக் கீழே வீடு வீடாக உயரம் எழுதுவது சரியா என்று கேட்பார்கள். இந்த அச்சத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இந்த நாட்டின் மாபெரும் முக்கோணவியல் நில அளவையே இந்தப் பாதையின் முடிவில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்தார். அன்று அந்த அளவை கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் உடைமை. வரைபடம் அரசின் கைக்குள் இருக்க வேண்டும் என்ற மனநிலை அதற்குப் பின் இரு நூற்றாண்டு நீடித்தது. 2016இல்கூட, அனுமதியில்லாத வரைபடத்துக்கு நூறு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க ஒரு மசோதா வரைவு வந்தது. எதிர்ப்புக்குப் பின் அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்தியர்களுக்கு முன் அனுமதித் தேவையை நீக்கின. வெளியிடக்கூடாத நுட்பமான விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தன. அந்தக் கோட்டை மதிப்பது எளிது. பரங்கிமலையின் ராணுவப் பயிற்சிக் கழகமோ ஆளுநர் மாளிகையின் உட்புறமோ நமக்குத் தேவையில்லை. அங்கே மரங்கள் தெரிந்தால் சீனரிக்கு அது போதும். மயிலாப்பூர்த் தெருவில் ஒரு வீட்டுக்கு மூன்று மாடி என்பது வழியில் போகும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வீட்டுக்காரர் பெயர், யார் குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் எழுதக்கூடாது. வரைபடத்தின் நெறியும் அதை அனுமதிக்காது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? ஊர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் சலித்துப்போகும். சாந்தோமிலிருந்து கிண்டி வரை, இறங்கும் பாதைக்கு இருபுறமும் ஒரு பட்டையை முதலில் எடுக்கலாம். விமானம் தாழ்வாகப் போகிற இடம் அதுதான் என்பதால் பிழை அதிகம் கண்ணில் படுவதும் அங்கேதான். ஆண்ட்ராய்டு கைபேசியில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தால், அருகிலுள்ள கட்டடத்தைக் காட்டி எத்தனை மாடி, கூரை என்ன வடிவம் என்று அதுவே கேட்கும். பதில் நேராக வரைபடத்தில் சேரும். கூகுள் மேப்பைப் பார்த்து எதையும் நகலெடுக்கக் கூடாது, அதன் உரிமம் இடம் தராது. கட்டடம் முடிந்ததும் நீர்நிலைகள்: அடையாறு முகத்துவாரத்தின் மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கரைக்கோட்டை ஒரே ஆண்டின் படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவியில் படத்தையும் தரவையும் சேர்த்து, டைல் எனப்படும் நிலத்துண்டுகளைத் தயாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைல்கள் ஒரு டிகிரிக்கு ஒன்றாக வெட்டப்படுகின்றன, 13 டிகிரி அட்சக்கோடு பெசன்ட் நகர் கடற்கரை அருகே கரையேறுகிறது. அதனால் மயிலாப்பூரும் தி. நகரும் வடக்கு டைலில் விழும், மீனம்பாக்கம் தெற்கு டைலில் விழும். இரண்டையும் ஒரே நாளின் தரவிலிருந்து செய்யாவிட்டால் கிண்டிக்கருகே நிறமும் சாலையும் ஒட்டாமல் நிற்கும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணியால் பனகல் பார்க், லஸ் பக்கமெல்லாம் இப்போதைய படங்களில் தோண்டிய குழியும் தடுப்பும்தான் தெரிகின்றன. அந்தத் தெருக்களை வேலை முடியும் வரை விட்டுவிட்டு, ராஜா அண்ணாமலைபுரத்தின் உள்தெருக்களில் தொடங்கலாம்.